பயத்துக்கு எதிராகக் குழந்தை மனம் எழுப்பும் அரண்கள்: உளவியல் சொல்வது என்ன?

பெங்களூரு: கடந்த 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி காலை, பெங்களூருவில் உள்ள 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு, வளாகத்தில் வெடிகுண்டு வைக்கப்பட்டிருப்பதாக மின்னஞ்சலில் மிரட்டல் வந்தது. வகுப்புகள் பாதியில் நிறுத்தப்பட்டு, மாணவர்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். தகவல் அறிந்த பெற்றோர் பதற்றத்துடன் பள்ளி வாசல்களில் திரண்டனர். வெடிகுண்டு நிபுணர்கள் நடத்திய சோதனையில் எதுவும் சிக்கவில்லை. மிரட்டல் வெறும் புரளி என்பது தெரியவந்தது. 2022 ஏப்ரல் மாதத்திலும் 2025 ஜூலை மாதத்திலும் இந்நகரப் பள்ளிகளுக்கு இதே போன்ற மிரட்டல்கள் வந்தன.

புரளி என்று உறுதியானதும் பெரியவர்களைப் பொறுத்தவரை அந்தச் செய்தி முடிந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு அது அவ்வளவு எளிதில் முடிவதில்லை. வெடிகுண்டு இல்லை என்பது பின்னர் தெரிந்த உண்மை. ஆசிரியரின் முகம் வெளிறியதும், வரிசையில் வேகமாக நடக்கச் சொன்னதும், அழைத்துப்போக வந்த பெற்றோரின் கை நடுங்கியதும் குழந்தை கண்ணெதிரே கண்ட உண்மைகள். ஆபத்து பொய்யாக இருக்கலாம். அது உண்டாக்கிய பயம் பொய்யன்று.

அந்தப் பயத்தைக் குழந்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்? சில குழந்தைகள் வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போல விளையாடத் தொடங்கிவிடுவார்கள். சிலர் அன்றிரவு விளக்கை அணைக்க விடமாட்டார்கள். சிலர் தம்பி தங்கையை "டமார்" என்று கத்தி மிரட்டி மகிழ்வார்கள். சிலர் வயிற்று வலி என்று சொல்லி மறுநாள் பள்ளிக்குப் போக மறுப்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இந்நடத்தைகளுக்குப் பின்னால் இருப்பது ஒரே முயற்சிதான் என்கிறது உளவியல். தாங்க முடியாத ஓர் உணர்விலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் குழந்தை மனம் தானாகவே எழுப்பும் அரண்கள் அவை. 'தற்காப்பு உத்திகள்' என்று துறைசார் மொழியில் அழைக்கப்படும் இவற்றைப் பெரியவர்கள் சரியாக அடையாளம் காணாவிட்டால், உதவி தேவைப்படும் குழந்தையைக் குறும்புக்காரன் என்றும், உள்ளுக்குள் உடைந்துபோன குழந்தையைத் தைரியசாலி என்றும் தவறாகக் கணிக்க நேரிடும்.

குழந்தைக்கு மட்டும் ஏன் இந்த நெருக்கடி?

பயம் ஒரு நோயன்று. உயிரைக் காக்க இயற்கை அளித்த எச்சரிக்கை மணி அது. ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் ஆழத்தில் உள்ள 'அமிக்டலா' என்னும் சிறு பகுதி விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. உடல் எதிர்த்து நிற்கவோ, ஓடவோ, அசையாமல் உறைந்து நிற்கவோ ஆயத்தமாகிறது. இதுவரை பெரியவருக்கும் குழந்தைக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு அடுத்த கட்டத்தில் எழுகிறது. "இது உண்மையான ஆபத்தா, இல்லையா?" என்று ஆராய்ந்து எச்சரிக்கை மணியை நிறுத்துவது, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி. அப்பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. ஆகவே, சிறு குழந்தையிடம் மணி அடிக்கும் கருவி இருக்கிறது. அதை நிறுத்தும் கருவி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

தவிர, பயத்தைத் தீர்க்கப் பெரியவர்கள் கையாளும் வழிகள் பலவும் குழந்தைக்கு அடைபட்டவை. ஆறு வயதுக் குழந்தையால் வீட்டைவிட்டு வெளியேற முடியாது; காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேச முடியாது; பயமுறுத்தும் ஆசிரியரை மாற்ற முடியாது. வெளியுலகை மாற்ற இயலாத நிலையில், அது மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தன் மனத்தில் அந்த உலகம் எப்படிப் பதிகிறது என்பது. தற்காப்பு உத்திகள் பிறக்கும் இடம் இதுவே.

வயதுக்கேற்ற பயங்கள்

பயங்களும் வளர்ச்சியின் படிநிலைகளை ஒட்டியே வருகின்றன. ஏறக்குறைய எட்டு மாதத்தில் அந்நியர் முகத்தைக் கண்டு குழந்தை அழத் தொடங்குகிறது. அதே பருவத்தில் தாயைப் பிரியும் பயமும் தோன்றுகிறது. மூன்று முதல் ஆறு வயதுக்குள் இருட்டு, பேய், பூச்சாண்டி, இடி, பெரிய விலங்குகள் ஆகியவை குறித்த பயம் மேலோங்குகிறது. கற்பனை ஆற்றல் மலரும் பருவம் அது என்பதே காரணம். பள்ளிப் பருவத்தில் காயம், விபத்து, பெற்றோரின் மரணம் போன்ற நடைமுறை ஆபத்துகள் பயத்தின் மையமாகின்றன. வளரிளம் பருவத்தில் தேர்வில் தோல்வி, நண்பர்களின் கேலி, பிறர் முன் அவமானம் ஆகியவை முன்னுக்கு வருகின்றன.

பெரும்பாலான பயங்கள் வந்த வழியே போய்விடும். இடைப்பட்ட காலத்தில் குழந்தை அவற்றைத் தாங்குவதற்கு அரண்கள் தேவைப்படுகின்றன.

கருத்தின் வரலாறு

தாங்க முடியாத எண்ணங்களுக்கு எதிராக மனம் தன்னைத் தற்காத்துக்கொள்கிறது என்ற கருத்தை 1894-இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் முன்வைத்தார். அதைக் குழந்தைகளின் உலகத்துக்குக் கொண்டுவந்து முறைப்படுத்தியவர் அவருடைய மகள் ஆனா ஃப்ராய்ட். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய அனுபவம் கொண்ட அவர், மனத்தின் தற்காப்பு உத்திகளைக் குறித்து எழுதிய நூல் 1936-இல் வெளிவந்தது. இன்றுவரை இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

இங்கே ஒரு தெளிவு அவசியம். தற்காப்பு உத்தி என்பது குழந்தை திட்டமிட்டுச் செய்யும் நடிப்பன்று, பொய்யும் அன்று. தூசு விழும்போது கண் தானாக மூடிக்கொள்வதைப் போல, அறியாமலேயே நிகழ்வது அது. "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று கேட்டால் குழந்தையால் விடை கூற இயலாததற்கு இதுவே காரணம்.

அரண்களின் வகைகள்

மறுப்பு: அரண்களில் மிக எளியது இது. கண்ணை மூடிக்கொண்டால் பேய் மறைந்துவிடும், போர்வைக்குள் நுழைந்தால் ஆபத்து தீண்டாது என்ற நம்பிக்கையில் இதன் தொடக்கத்தைக் காணலாம். தாத்தா இறந்துவிட்டார் என்று சொன்ன பிறகும், "அவர் எப்போது ஊரிலிருந்து வருவார்?" என்று கேட்கும் குழந்தைக்குச் செய்தி புரியவில்லை என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரே நாளில் தாங்க முடியாத செய்தியை அது சிறிது சிறிதாக உள்வாங்குவதாகவும் இருக்கலாம்.

பின்னடைவு: பள்ளி செல்லும் குழந்தை மீண்டும் விரல் சூப்பத் தொடங்குவது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது, மழலையில் பேசுவது, தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவது ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தான் பாதுகாப்பாக இருந்த பழைய பருவத்துக்கே மனம் திரும்பிப் போகிறது. தம்பியோ தங்கையோ பிறந்த வீடுகளில் இது வழக்கமான காட்சி.

இடமாற்றம்: பயப்பட முடியாத ஒருவர் மீதான பயத்தை, பயப்படக்கூடிய ஒன்றின் மீது மனம் மாற்றி வைக்கிறது. தந்தையின் கோபத்துக்கு அஞ்சும் குழந்தை, அதைச் சொல்லவும் இயலாமல், தந்தையை விட்டு விலகவும் இயலாமல், தெருநாயைக் கண்டு நடுங்கலாம். நாயைத் தவிர்ப்பது எளிது. தந்தையைத் தவிர்ப்பது எளிதன்று. குதிரைக்கு அஞ்சிய ஐந்து வயதுச் சிறுவனைப் பற்றி ஃப்ராய்ட் 1909-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அந்தச் சிறுவனின் பயத்துக்கு அவர் கூறிய காரணங்களைப் பிற்கால அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. எனினும், ஒன்றின் மீதான பயம் மற்றொன்றின் மீது ஏறி அமரக்கூடும் என்ற அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

பயமுறுத்துபவராகவே மாறுதல்: இருண்ட கூடத்தைக் கடக்க அஞ்சிய ஒரு சிறுமியைப் பற்றி ஆனா ஃப்ராய்ட் தமது நூலில் குறிப்பிடுகிறார். பேய் வரும் என்று அஞ்சிய அவள், ஒரு நாள் விசித்திரமான சைகைகளைச் செய்தபடியே கூடத்தைக் கடந்து ஓடத் தொடங்கினாள். எதிரே வரக்கூடிய பேயாகத் தன்னையே பாவித்துக்கொண்டால் பயமே இராது என்று தம்பிக்கும் அந்த இரகசியத்தைக் கற்றுக்கொடுத்தாள். மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்த குழந்தை, வீட்டில் பொம்மைக்கு ஊசி போடுவதும், ஆசிரியரிடம் திட்டு வாங்கிய குழந்தை, கையில் அளவுகோலுடன் தூண்களுக்குப் பாடம் நடத்துவதும் இதே உத்திதான். அடிபட்டவரின் இடத்திலிருந்து அடிப்பவரின் இடத்துக்கு மனம் இடம் பெயர்கிறது. பள்ளிகளில் பிற மாணவர்களைத் துன்புறுத்தும் பிள்ளைகளில் சிலர், வேறோர் இடத்தில் தாங்களே துன்புறுத்தப்படுபவர்களாக இருப்பதற்கான விளக்கமும் இதில் அடங்கியுள்ளது.

தன் மீதே பழி சுமத்திக்கொள்ளுதல்: அரண்களிலேயே மிகவும் துயரமானது இது. தன்னைக் காக்க வேண்டியவரே தன்னைத் துன்புறுத்தும்போது, குழந்தை இருபுறமும் வழியற்ற நிலையில் நிற்கிறது. "அப்பா கெட்டவர்" என்று ஒப்புக்கொண்டால், பாதுகாப்பு என்ற ஒன்றே உலகில் இல்லை என்றாகிவிடும். "நான் கெட்ட பிள்ளை, அதனால்தான் அடி விழுகிறது" என்று எண்ணிக்கொண்டால், நல்ல பிள்ளையாக மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையாவது எஞ்சும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பேர்ன் 1940-களில் இதை விளக்கினார். வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் ஆளான குழந்தைகள் பலர் அதை வெளியே சொல்லாமல், தங்கள் மீதே குற்றம் இருப்பதாக நம்புவது ஏன் என்ற கேள்விக்கு இவ்விளக்கம் பெரிதும் உதவுகிறது.

'நாளே பா' முதல் 'அர்ச்சுனா' வரை

பயத்துக்கு எதிராகச் சொல்லையும் சடங்கையும் ஆயுதமாக்குவது மனிதகுலத்தின் பழைய வழக்கம். பெங்களூருவில் 1990-களில் சிறுவர்களாக இருந்தவர்கள் பலருக்கு 'நாளே பா' என்ற கன்னடத் தொடர் நினைவிருக்கும். 'நாளை வா' என்பது அதன் பொருள். இரவில் பெண் பேய் ஒன்று வீடு வீடாகக் கதவைத் தட்டுவதாகவும், தெரிந்தவரின் குரலில் அழைப்பதாகவும், கதவைத் திறந்தவர் பிழைப்பதில்லை என்றும் வதந்தி பரவியது. அதற்கு மாற்றாக மக்கள் கண்ட வழி, கதவிலும் சுவரிலும் 'நாளே பா' என்று எழுதி வைப்பது. வாசித்துவிட்டுத் திரும்பும் பேய் மறுநாள் மீண்டும் வரும். மீண்டும் அதையே வாசித்துத் திரும்பும் என்பது நம்பிக்கை.

வதந்தியின் பின்னணி எதுவாயினும், அந்த எழுத்தின் உள்ளே இருக்கும் உளவியல் கவனிக்கத்தக்கது. பேய் இல்லை என்று அது வாதிடவில்லை; பேயோடு போரிடவும் இல்லை. இன்று இரவு மட்டும் தூங்கிக்கொள்ளலாம் என்ற அவகாசத்தைப் பெற்றுத் தருகிறது. பயத்தை ஒழிக்க முடியாதபோது அதைத் தள்ளிப்போடுவதும் ஒரு தற்காப்பே.

தமிழ் வீடுகளில் இடி இடிக்கும்போது 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்லப் பெரியவர்கள் கற்றுக்கொடுப்பதும், இரவில் பயந்து எழுந்த குழந்தையின் நெற்றியில் திருநீறு பூசுவதும் இவ்வகையினவே. ஒன்றும் செய்ய இயலாமல் நடுங்கும் குழந்தைக்குச் சொல்வதற்கு ஒரு சொல்லும் செய்வதற்கு ஒரு செயலும் கிடைக்கின்றன. அருகில் ஒரு பெரியவரின் கையும் இருக்கிறது. இம்மூன்றில் அந்தக் கைக்கே ஆற்றல் அதிகம் என்பது உளவியலாளர்களின் கருத்து.

ஓயாமல் கட்டிப்பிடித்துக்கொள்ளும் கந்தல் துணியும் பழைய பொம்மையும் இதே பணியைச் செய்கின்றன. தாய் அருகில் இல்லாதபோது தாயின் கதகதப்பை நினைவூட்டும் இவற்றை 'இடைநிலைப் பொருள்கள்' என்று ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் அழைத்தார். அழுக்காக இருக்கிறது என்று அதைத் தூக்கி எறியும் பெற்றோர், குழந்தையின் காவலாளியையே வெளியேற்றுகிறார்கள்.

வயது ஏற ஏற மாறும் அரண்கள்

எல்லா உத்திகளும் எல்லா வயதிலும் ஒன்றுபோல் இயங்குவதில்லை. இத்துறையில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் ஃபீபி கிரேமர், பாலர் பருவத்தில் மறுப்பு மேலோங்கி, பின்னர் குறைவதைக் கண்டார். தன் உணர்வைப் பிறர் மீது ஏற்றிப் பார்ப்பது பள்ளிப் பருவத்தில் வலுப்பெறுகிறது. 'எனக்குப் பயமில்லை, அவனுக்குத்தான் பயம்' என்பது அதன் குரல். பிறரை முன்மாதிரியாகக் கொண்டு அவருடைய வலிமையைத் தனதாக்கிக்கொள்வது வளரிளம் பருவத்தில் முன்னிலை பெறுகிறது. குழந்தை ஓர் உத்தியின் செயல்முறையைப் புரிந்துகொள்ளும் வயது வந்ததும், அந்த உத்தி பயன் இழக்கிறது என்பது அவருடைய விளக்கம். கண்ணை மூடினாலும் உலகம் மறைவதில்லை என்று அறிந்த பிறகு, கண்ணை மூடுவது பலன் தராது.

வளரிளம் பருவத்தினர் பயத்தை அறிவின் வழியே கையாளவும் முற்படுகிறார்கள். தொற்றுநோய்க்கு அஞ்சும் சிறுவன் வைரஸைப் பற்றிய புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்கிறான். தேர்வுக்கு அஞ்சும் மாணவி அதையே கேலிச் சித்திரமாக்கிக் கைப்பேசியில் பகிர்கிறாள். நகைச்சுவை, பிறருக்கு உதவுதல், கலையாக மாற்றுதல் ஆகியவற்றை முதிர்ந்த தற்காப்பு உத்திகளாக அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலன்ட் வகைப்படுத்தினார்.

போரும் கடலும் கற்றுத் தந்தவை

குழந்தைகளின் பயத்தைப் பற்றிய அறிவு பெரும்பாலும் பேரிடர்களின் நடுவே பெறப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் மீது குண்டுகள் பொழிந்த காலத்தில், ஆனா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் குழந்தைகளுக்கான காப்பகங்களை நடத்தினர். பெற்றோருடன் இருந்த குழந்தைகள் குண்டுவீச்சை ஓரளவு தாங்கிக்கொண்டதையும், பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பப்பட்டாலும் தாயைப் பிரிந்த குழந்தைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதையும் அவர்கள் பதிவு செய்தனர். குண்டைவிடப் பிரிவே குழந்தைக்குப் பெரிய அச்சம் என்பது அவர்கள் அளித்த பாடம்.

இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1996-இல், மட்டக்களப்பில் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' தொடங்கப்பட்டது. போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் குழந்தைகள் அங்கு ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், ஓவியம் தீட்டினர், கதை புனைந்தனர், நாடகம் ஆடினர். நடந்ததைச் சொல்லும்படி அங்கு யாரும் குழந்தைகளை வற்புறுத்தவில்லை. சொல்ல முடியாததை விளையாட்டும் கலையும் சொல்லும் என்பதே அதன் அடிப்படை. உள்ளத்தில் ஆறாமல் நிற்கும் இத்தகைய காயத்தைக் குறிக்க ஈழத் தமிழில் 'மனவடு' என்ற சொல் வழங்குகிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையையும் அந்தமான் தீவுகளையும் தாக்கியபோது, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழுவினர் உளவியல் உதவிப் பணிகளில் ஈடுபட்டனர். போபால் நச்சுவாயுக் கசிவு, 1999 ஒடிசா புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றில் பெற்ற அனுபவம் அவர்களுக்குத் துணை நின்றது. மருத்துவர்களின் எண்ணிக்கை போதாத சூழலில், உள்ளூர்த் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்து அவர்கள் மூலமே குழந்தைகளைச் சென்றடைவது என்ற வழிமுறை இப்பேரிடர்களில் உருப்பெற்றது.

விளையாட்டு மருந்தாகும்போது, நோயாகும்போது

பயந்த நிகழ்வையே குழந்தை மீண்டும் மீண்டும் விளையாடிப் பார்ப்பது இயல்பு. அன்று தனக்கு நிகழ்ந்ததை, இன்று தான் நிகழ்த்துவதாக மாற்றிக்கொள்ளும் முயற்சி அது. சாதாரணமாக, விளையாட விளையாடக் கதை மாறும். வீரன் ஒருவன் நுழைவான், வண்டி வரும், அனைவரும் தப்பிப்பார்கள். பயம் சிறிது சிறிதாகக் கரையும்.

கதை மாறாமலே நின்றுவிட்டால் கவனம் தேவை. 1976 ஜூலையில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சௌசில்லா என்ற ஊரில், பள்ளிப் பேருந்தில் சென்ற 26 குழந்தைகள் கடத்தப்பட்டு, நிலத்தடியில் புதைக்கப்பட்ட வாகனப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டனர். அனைவரும் உயிருடன் தப்பினர். அவர்களைத் தொடர்ந்து ஆய்வு செய்த மனநல மருத்துவர் லெனோர் டெர், மகிழ்ச்சியே இல்லாத, ஒரே மாதிரியான, முடிவற்ற விளையாட்டை அவர்களிடம் கண்டார். அது பயத்தைக் குறைக்கவில்லை. சில சமயம் கூட்டவும் செய்தது. கடத்தலுக்கு முன்பே தங்களுக்குச் சகுனங்கள் தோன்றியதாகவும் அக்குழந்தைகள் பின்னாளில் நம்பத் தொடங்கினர். முன்பே அறிகுறி இருந்தது என்று நம்பினால், அடுத்த முறை தப்பித்துவிடலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. அதுவும் ஓர் அரணே.

அரண் சிறையாகும் தருணம்

கோட்டையின் கதவு திறந்து மூடும் வரைதான் அது கோட்டை. திறக்காமலே போனால் அது சிறை. தற்காப்பு உத்திகளுக்கும் இது பொருந்தும்.

தவிர்த்தல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பள்ளிக்கு அஞ்சும் குழந்தை ஒரு நாள் வீட்டில் இருந்தால், அன்று பயம் உடனே தணிகிறது. அந்த நிம்மதியே மறுநாளும் தவிர்க்கத் தூண்டுகிறது. நாள் ஆக ஆகப் பள்ளி மேலும் பெரிய பூதமாகிறது. பயப்படும் பொருளை எதிர்கொள்ளாதவரை, அது அவ்வளவு ஆபத்தானதன்று என்று அறியும் வாய்ப்பும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை.

மற்றோர் ஆபத்து, அமைதி. பெருந்துயருக்குப் பிறகு அழாமல், கேட்காமல், சொன்னதைச் செய்துகொண்டு இருக்கும் குழந்தையை உறவினர்கள் பாராட்டுவது வழக்கம். உணர்வுகளையே அணைத்துவிட்டு மரத்துப்போன நிலையிலும் குழந்தை அவ்வாறு இருக்கக்கூடும். சத்தமிடும் குழந்தைக்கு உதவி எளிதில் கிடைக்கிறது. சத்தமில்லாத குழந்தை கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

தூக்கமின்மை, கெட்ட கனவுகள், காரணமற்ற தலைவலி, வயிற்று வலி, திடீர்க் கோபம், படிப்பில் சரிவு, நண்பர்களை விட்டு விலகுதல், நிகழ்வை நினைவூட்டும் இடங்களுக்கு வர மறுத்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், அன்றாட வாழ்க்கையைக் குலைத்தாலும், மருத்துவ ஆலோசனை பெற வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, இறப்பதைப் பற்றிப் பேசுவது போன்ற அறிகுறிகள் தென்பட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பெரியவர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, தன் முகத்தைக் கவனிப்பது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகள் பள்ளம் போலத் தோற்றமளிக்கும் கண்ணாடித் தளத்தின் விளிம்பில் விடப்பட்டனர். மறுபுறம் நின்ற தாயின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தபோது, 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்தனர். தாயின் முகத்தில் பயம் தெரிந்தபோது, 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் குழந்தை பெற்றோரின் முகத்தில்தான் வாசிக்கிறது.

இரண்டாவது, அரணை வலிந்து இடிக்காதிருப்பது. "இதற்கெல்லாமா பயப்படுவது?" என்று கேலி செய்வதும், இருட்டறையில் தனியே விட்டுப் 'பயம் தெளிய வைப்பதும்' எதிர்விளைவையே தரும். "பயமாக இருக்கிறதா? நான் இருக்கிறேன்" என்ற இரு சொற்றொடர்கள் போதுமானவை. முதலாவது உணர்வுக்குப் பெயர் தருகிறது. இரண்டாவது பாதுகாப்பைத் தருகிறது.

மூன்றாவது, குழந்தையின் திறனை அதற்கு நினைவூட்டுவது. 1975-இல் இருட்டுக்கு அஞ்சும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு குழுவினர், தாங்கள் தைரியசாலிகள், இருட்டில் தங்களைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்ற பொருளில் சொல்லிக்கொள்ளப் பழக்கப்பட்டனர். இன்னொரு குழுவினர், இருட்டு இனிமையானது என்று சொல்லிக்கொண்டனர். இருட்டில் அதிக நேரம் தாங்கியவர்கள் முதல் குழுவினரே. 'இருட்டில் ஒன்றுமில்லை' என்பதைவிட 'உன்னால் முடியும்' என்பதற்கு வலிமை அதிகம்.

நான்காவது, பிறரைக் காக்கும் பொறுப்பைத் தருவது. 2006-ஆம் ஆண்டு லெபனான் போருக்குப் பின் இஸ்ரேலியக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சோகமாக இருக்கும் நாய்க்குட்டி பொம்மை ஒன்றைக் கொடுத்து, அதை அவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது. அவ்வாறு கவனித்துக்கொண்ட குழந்தைகளிடம் மன அழுத்த அறிகுறிகள் குறைந்தன. காக்கப்பட வேண்டியவர் காப்பவராக மாறும்போது பயம் இடம் தருகிறது.

ஐந்தாவது, படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது. முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவனுக்கு, அவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து, இறுதியில் அதைத் தொட்டு விளையாடச் செய்தார் மேரி கவர் ஜோன்ஸ். அவர் 1924-இல் வெளியிட்ட அந்த ஆய்வின் வழியிலேயே இன்றைய நடத்தைச் சிகிச்சை இயங்குகிறது.

இவை அனைத்துக்கும் முன்னதாக, பயத்தையே வளர்ப்பு முறையாகக் கொள்ளும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். சோறு உண்ண மறுத்தால் பூச்சாண்டி, தூங்க மறுத்தால் போலீஸ், படிக்க மறுத்தால் விடுதி என்று மிரட்டும் வீட்டில், உண்மையில் பயம் வரும்போது குழந்தை யாரிடம் ஓடும்? போலீஸைக் காட்டி மிரட்டப்பட்ட குழந்தை, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தால் காவலரிடமிருந்தே ஒளிந்துகொள்ளும். பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது.

உதவி எங்கே கிடைக்கும்?

பெங்களூரு ஓசூர் சாலையில் அமைந்துள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான தனி மனநலத் துறை இயங்குகிறது. இடர்ப்பாட்டில் உள்ள குழந்தைகளுக்கான 'சம்வாத்' என்ற தேசிய முன்னெடுப்பு, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவுடன் இங்கிருந்தே செயல்படுகிறது.

நேரில் செல்ல இயலாதவர்கள் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இச்சேவைக்கு நிம்ஹான்ஸ் தலைமை மையமாக உள்ளது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் ஆலோசனை கிடைக்கும். துன்புறுத்தலுக்கு ஆளான, ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்காக 1098 என்ற உதவி எண் உள்ளது.

மொழியும் இதில் முக்கியமானது. பெங்களூரு போன்ற பன்மொழி நகரில், பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசும் குழந்தைகள் ஏராளம். பாடத்தை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் குழந்தை, பயத்தைத் தாய்மொழியில்தான் முதலில் உணர்கிறது. அதைச் சொல்ல அதற்குப் பல நாள்கள் ஆகலாம். பொம்மையைப் படுக்க வைக்கும்போதோ, கைகழுவும்போதோ, விளக்கை அணைத்த பிறகோ, தொடர்பற்ற ஒரு கேள்வியாக அது வெளிவரலாம். அப்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஒருவர் அருகில் இருந்தால், அரண்களில் பலவும் அதற்குப் பிறகு தேவைப்படுவதில்லை.